வார்த்தை இல்லாத ஒத்திகை

ஆயிரத்துத் தொண்ணூற்றாறு மணி நேரம்.

சாம்பல் புதன் காலை ஏழு மணியிலிருந்து, ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவு பதினொன்று வரை. அவள் மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள்.

அப்பா ஒரு வார்த்தை பேசி அவ்வளவு நேரம் ஆகிறது.

கோயில் இருட்டாக இருந்தது. எல்லோர் கையிலும் மெழுகுதிரி. அப்பா பாடகர் வரிசைக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. அது யாருடைய கையோ போல இருந்தது.

முப்பத்தொரு வருடம் இந்த வரிசைக்கு அவர்தான் பாட்டு மாஸ்டர்.

வரிசையில் பாடும் பெர்க்மான்ஸ் அண்ணன் குனிந்து அவர் காதில் சொன்னார்.

"மாஸ்டர், நாங்க சுதி விட்டா ஏசுறதுக்காவது வாயத் தொறங்க."

யாரோ சிரித்தார்கள். அப்பா மெழுகுதிரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு பூசையிலிருந்து வந்தவர், செருப்பைக் கழற்றக் குனிந்தார்.

நிமிரவில்லை.

மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு என்றார்கள். வலது கையும் காலும் போயின. பேச்சு போயிற்று. நாம் சொல்வது அவருக்குப் புரிகிறதா என்று அவள் கேட்டபோது, இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

ஐசியூவில் ஐந்து நிமிடம்தான் பார்க்க விடுவார்கள். ஒரு ஆள் மட்டும். வெள்ளிக்கிழமை அம்மா போனாள். வெளியே வந்தபோது முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். அழுகிறாள் என்று இவள் நினைத்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

பிறகு வார்டு. பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள்.

"பாட்டு மாஸ்டரா? அப்ப பாட வச்சுப் பாருங்க. பேச்சுப் போனாலும் பாட்டு நிக்கும். அது மூளையில வேற பக்கம்."

விலங்கியல் ரெக்கார்டு நோட்டில் அவளே மூளையைப் படம் வரைந்திருக்கிறாள். பாகங்களுக்கெல்லாம் அம்புக்குறி போட்டிருக்கிறாள். பாட்டுக்கு அதில் அம்புக்குறி இல்லை.

பாடகர்கள் வந்து தவக்காலப் பாட்டுகளை ஒவ்வொன்றாகப் பாடினார்கள். அப்பா கூரையைப் பார்த்தார்.

எந்தப் பாட்டு அவருக்குள் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பாஸ்கா இரவின் அல்லேலூயா.

ஆனால் தவக்காலத்தில் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. பூசையில் கிடையாது. பாட்டில் கிடையாது. சாம்பல் புதனிலிருந்து நாற்பத்தாறு நாள் அது எங்கோ போய்விடும். பாஸ்கா இரவில்தான் திரும்பி வரும்.

அப்பா இன்னும் ஒரு படி மேலே. ஈஸ்டருக்கான ஒத்திகையில்கூட அந்த வார்த்தையை விட மாட்டார். மெட்டை மட்டும் பழக்குவார். லா லா லா லா. வாய் தவறி யாராவது சொல்லிவிட்டால் ஆர்மோனியத்தை மூடிவிடுவார். அன்றைக்கு ஒத்திகை அவ்வளவுதான்.

அவள் அம்மாவிடம் கேட்டாள். ஒரே ஒரு தடவை பாடிப் பார்க்கலாமா?

"வேண்டாம்ட்டி. அவரு ஒத்துக்கிட மாட்டாரு."

"அவருக்கு இப்ப என்னம்மா தெரியப்போகுது?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது.

அம்மா ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே இருந்தாள்.

பேச்சு திரும்புவதற்கு முதல் வாரங்கள் முக்கியம் என்று அவள் படித்திருந்தாள். ஒவ்வொரு வாரமும் ஒரு கதவு கொஞ்சம் மூடும். ஏழாவது வாரமும் முடியப்போகிறது. அம்மாவோடு அவள் சரியாகப் பேசியும் நாளாகிறது.

கோயிலில் பைபிள் வாசகங்கள் முடிந்தன.

'உன்னதங்களிலே' பாட்டு தொடங்கியதும் எல்லா விளக்குகளும் எரிந்தன. வியாழக்கிழமையிலிருந்து வாயடைத்திருந்த மணிகள் சேர்ந்து அடித்தன. பீடத்தின் திரை விழுந்தது. வெளியே சரவெடி. ஒரு குழந்தை பயந்து அழுது, பிறகு சிரித்தது.

திருமுகக் கடிதத்தையும் வாசித்தார்கள்.

எல்லோரும் எழுந்தார்கள். அப்பா மட்டும் உட்கார்ந்திருந்தார்.

சாமியார் முதல் முறை பாடினார். அல்லேலூயா. தாழ்ந்த சுதி. கோயில் திருப்பிப் பாடியது.

அப்பாவின் இடது கை முழங்காலில் தாளம் போட்டது.

அவள் அவர் வாயையே பார்த்தாள்.

இரண்டாம் முறை. சுதி ஒரு படி ஏறியது. கோயில் பாடியது. அப்பாவின் தொண்டையிலிருந்து ஏதோ வந்தது. எழுத்து இல்லாத ஒலி. லா என்றும் சொல்ல முடியாது.

மூன்றாம் முறை. இன்னும் ஒரு படி மேலே.

அல்.

லே.

லூ.

யா.

சுதி சரியாக இருந்தது.

பெர்க்மான்ஸ் அண்ணன் பாட்டை விட்டுவிட்டார். பாடகர் வரிசை முழுவதும் விட்டுவிட்டது. கீபோர்டு மட்டும் போய்க்கொண்டிருந்தது. அப்பா திரும்பி அவர்களை முறைத்தார். இடது கையைத் தூக்கி, உம், பாடுங்கள் என்று காட்டினார்.

பாடினார்கள். எல்லோருக்கும் சுதி போய்விட்டது. அவர் யாரையும் ஏசவில்லை. அந்த ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார், அவ்வளவு நாள் பாக்கியையும் ஒரே இரவில் தீர்ப்பவர் மாதிரி.

அவளும் பாடினாள். எப்போதும் உதட்டை மட்டும் அசைப்பவள். தன் குரல் தன் காதில் விழுந்தபோது வெட்கமாக இருந்தது. நிறுத்தவில்லை.

பக்கத்தில் அம்மா. முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். ஐசியூ வாசலில் நின்ற அதே மாதிரி.

இந்த முறை இவள் உற்றுப் பார்த்தாள். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குச் சந்தோஷத்தோடு கோபமும் வந்தது. சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"நாப்பத்தாறு நாளும்மா. அப்பமே பாட விட்டிருக்கலாம்லா."

அம்மா முந்தானையை எடுத்தாள். அப்பாவின் இடது கையைப் பார்த்தாள். அது காற்றில் இன்னும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"மூணாம் நாளே பாடினேன்ட்டி. பாதியிலயே, அந்தக் கையாலதான் என் வாயப் பொத்திட்டாரு."