நமக்கு மூச்சு வாங்கும்போது

“எனக்கா மூச்சு வாங்குது? நீங்களே சொல்லுங்க, பாக் தாஹிர்!”

லாரஸ் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். மிளகாய்ச் சம்பலில் தோய்த்த வாழைப்பழ வறுவலை வாயருகே கொண்டுபோன தாஹிர் அப்படியே நிறுத்தினார்.

“யாருக்கு இபு மூச்சு வாங்குது?” ‘இபு’ என்றால் அம்மா, ‘பாக்’ என்றால் ஐயா; இருவரும் மரியாதையாக அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

“அதான் எனக்கும் புரியல. இந்த ராம்லா எழுதியிருக்கிறதப் படிங்க.”

குணமாகாத நோயாளிகளைக் கடைசிவரை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் நர்ஸ்களுக்காக, இந்தோனேசியாவின் மக்காசாரிலிருந்து இருவரும் நடத்தும் ஆன்லைன் வகுப்பு அது. எந்தத் தீவிலிருந்தும் சேரலாம், எந்த நேரத்திலும் படிக்கலாம். ராம்லா, செலாயார் தீவு நர்ஸ். வீடியோவைத் திறந்தால் சிக்னல் அறுந்துவிடும் என்று எல்லாவற்றையும் எழுதியே அனுப்புவாள். அவள் முகத்தை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

தாஹிர் கையைத் துடைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். “நோயாளிக்கு மூச்சுத் திணறினால் என்ன செய்வீர்கள்? பதில்: ‘நமக்கு மூச்சு வாங்கும்போது ஜன்னலைத் திறக்க வேண்டும். நம்மைத் தலையணையில் சாய்த்து உட்கார வைக்க வேண்டும். பக்கத்தில் நின்று பதறக் கூடாது.’ சரியாத்தானே இருக்கு?”

“சரிதான். ஆனா ‘நமக்கு’ன்னா யாருக்கு?”

தாஹிர் குலுங்கிச் சிரித்தார். “குழம்புலயும் சக்கரை போடுற ஜாவாக்காரங்களுக்கு எங்க ஊர்ப் பேச்சு எங்க புரியப்போகுது! இங்க ‘நாம’ன்னா ‘நீங்க’. மரியாதை இபு, மரியாதை! ‘நாம சாப்பிட்டாச்சா’ன்னு தினமும் உங்களக் கேக்கறேனே, என்னையும் சேத்தா கேக்கறேன்?”

“அடப்பாவமே! நான் உங்களுக்கும் சேத்துல்ல பதில் சொல்லிட்டிருந்தேன்!”

சிரித்தாலும் லாரஸுக்குக் குழப்பம் தீரவில்லை. அடுத்த பதிலைக் காட்டினாள். “சரி, இது? ‘பிழைப்பேனா என்று நோயாளி கேட்டால் பொய் சொல்ல வேண்டாம். நமக்கே தெரியும். பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும்.’ யாருக்குத் தெரியும்?”

“உங்களுக்குத்தான். ‘டீச்சர், உங்களுக்கே தெரியும்’னு மரியாதையாச் சொல்றாங்க. பேசாம மார்க்கப் போட்டுத் தேத்திவிடுங்க.”

அவ்வளவு லேசாக லாரஸால் விட முடியவில்லை. இந்தப் பரீட்சையில் தேறாவிட்டால் வீடு வீடாகப் போய் இந்த நோயாளிகளைப் பார்க்க ராம்லாவுக்கு அனுமதி கிடைக்காது. அதற்கு அந்தப் பக்கம் வேறு நர்ஸும் கிடையாது. விஷயம் தெரியாதவளைத் தேற வைத்தாலோ, வலியில் துடிக்கிற யாரோ ஒருவர் அவள் கையில் மாட்டிக்கொள்வார்.

போனை எடுத்தாள். மறுமுனையில் ஓர் ஆண் குரல்.

“ராம்லா இல்லையா?”

“தூங்கறா இபு. நான் அவ வீட்டுக்காரன், பஸ்ரி.” எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல் தணிந்த குரல்.

“மக்காசார்லேருந்து லாரஸ் பேசறேன். பரீட்சையில அவங்க எழுதின பதில்ல ஒரு சந்தேகம்.”



“தப்பாயிடுச்சா இபு? அத நான்தான் எழுதினேன்.”

லாரஸ் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். “நீங்களா? நீங்களும் நர்ஸா?”

“இல்ல இபு. மீன்பிடிப் படகு ஓட்டிக்கிட்டிருந்தேன்.”

“படகோட்டி எழுதற பரீட்சையா இது? இதுக்கு என்ன பேர் தெரியுமா?”

தாஹிர் வறுவலை மறந்துவிட்டு, “என்ன, என்ன?” என்று கைஜாடையில் கேட்டார். லாரஸ் அவரைக் கையமர்த்தினாள்.

“அவளக் கோவிச்சுக்காதீங்க. அவளுக்கு இது தெரியவே தெரியாது. காலையில ஆஸ்பத்திரி வேலை, ராத்திரி பூரா கண்ணு முழிச்சு ஒரு நோயாளியப் பாத்துக்கறா. மத்தியானம் கொஞ்ச நேரம் கண்ண மூடினா எழுப்ப மனசு வரல. கடைசித் தேதி வேற தாண்டிடும்போல இருந்துச்சு.”

“அப்ப பாடத்தையும் நீங்கதான் படிச்சீங்களா?”

“வீடியோவ எல்லாம் நான் பாத்து வெச்சுக்குவேன். அவ வந்ததும் ஒண்ணுவிடாம அவளுக்குச் சொல்லுவேன். ராத்திரி அதத்தான் அப்படியே செய்வா.”

லாரஸுக்குத் தலை சுற்றியது. படித்தவர் நர்ஸ் இல்லை. நர்ஸ் படிக்கவில்லை. இப்போது யாரைத் தேற வைப்பது? யாரைத் தேறவில்லை என்று போடுவது?

“பாருங்க பாக் பஸ்ரி, நான் அவங்களத் தோத்ததாத்தான் போடணும். வேற வழியில்ல.”

“வேணாம் இபு!” முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. “என்னைப் பத்தி என்ன வேணும்னாலும் எழுதிக்குங்க. அவ கெட்டிக்காரி. முதுகு புண்ணாகாமப் புரட்டிப் படுக்க வெக்கறது, காஞ்ச வாய ஈரத்துணியால நனைக்கறது, கஞ்சி வேணாம்னா திணிக்காம இருக்கறது... எல்லாம் நீங்க சொன்னபடியே, ஒரு குறையும் கிடையாது.”

“ஒரு குறையும் இல்லன்னு எத வெச்சுச் சொல்றீங்க?” லாரஸ் எரிச்சலோடு கேட்டாள். “ராத்திரி பூரா கட்டில் பக்கத்துல நின்னு பாத்தீங்களா?”

“நிக்கல்லாம் முடியாது இபு,” என்றார் பஸ்ரி. “அந்தக் கட்டில்ல படுத்திருக்கிறதே நான்தான்.”