கதவைச் சாத்தாத பள்ளிக்கூடம்

"நாளையிலேருந்து வேன் ஓட்ட வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லு உங்க பெரியம்மாவை!"

செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினார் மிலிட்டரி. பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்து, மடத்துப் பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டுகிறவர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்து போயிருக்கும்.

அவர் மனைவி அதே பள்ளியில் தையல் டீச்சர். பல்லில் இருந்த நூலைக் கடித்துத் துப்பிவிட்டு, "மெதுவாப் பேசுங்க. பாப்பா படிக்கிறா" என்றாள்.

"படிக்கட்டும், நல்லாப் படிக்கட்டும். தாய்நாட்டைப் பத்தி நாலு வரி மட்டும் படிச்சிடக் கூடாதாக்கும்!"

விஷயம் இதுதான். புதுச் சட்டம் ஒன்று வந்திருந்தது. எல்லாப் பள்ளிகளிலும் தினமும் காலையில் 'தாய்நாட்டு மாலை' என்ற புத்தகத்திலுள்ள பாட்டுகளைப் பிள்ளைகள் சேர்ந்து பாட வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு பாட வேண்டும். வாய் திறக்காத பிள்ளை யார் என்று மேலே சொல்ல வேண்டும். மறுத்தால் பள்ளிக்குப் பூட்டு.

எல்லாப் பள்ளியும் சரி என்றது. பள்ளியை நடத்தும் மடத்துத் தலைவி, எல்லோரும் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர், அவர் மட்டும் மாட்டேன் என்றுவிட்டார்.

அவர்கள் மதத்தின் வழக்கம் அப்படி. பிரார்த்தனை நேரத்தில் கூடத்தின் இரண்டு கதவும் திறந்தேதான் இருக்கும். பிடிக்காதவர்கள் எழுந்து போகலாம், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. கட்டாயத்தில் சொன்ன துதி கடவுளுக்குப் போய்ச் சேராது என்பது அவர்கள் நம்பிக்கை.

"கடவுளுக்கே சாத்தாத கதவு. வேற எதுக்கும் சாத்த மாட்டேன்" என்று அதிகாரியின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, கோர்ட்டுக்கும் போய்விட்டார்.

அவ்வளவுதான். மதில் சுவரில் 'தேசத்துரோகி' என்று கரியால் எழுதினார்கள். பாதிப் பேர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். டீக்கடையில் மிலிட்டரியைப் பார்த்து, "என்னண்ணே, நீங்களுமா அந்தக் கட்சி?" என்று ஒருவன் கேட்டுவிட்டான். அன்றைக்குக் கிளம்பிய கோபம்தான் இது.

"ஹேண்ட் பிரேக்குகூடப் பிடிக்காத ஓட்டை வேன். கல்லை முட்டுக் கொடுத்துத்தான் நிறுத்தணும். அதைக் கட்டிக்கிட்டு நான் அழுறேன். இதுல இந்தப் பேரு வேறயா எனக்கு?"

"சரி சரி, தண்ணி குடிங்க."

"அந்தப் புத்தகத்துல மூணாவது பாட்டு இருக்கே, அது யாரு பாட்டு தெரியுமா? எங்க பாட்டு! பனி மலையில கை விறைச்சுப் போயி, ஸ்டியரிங் எங்க இருக்குன்னே தெரியாம, விடிய விடியப் பாடிக்கிட்டே லாரி ஓட்டினோம். எவன் எங்களைப் பாடச் சொன்னான்? எவன் மிரட்டினான்? மனசாரப் பாடினோம்டீ!"

டீச்சர் நிமிர்ந்து அவரையே பார்த்தாள். பிறகு ஊசியில் நூலைக் கோத்தாள்.

"தீர்ப்பு வர்ற வரைக்கும் ஓட்டுங்க. அதுக்கப்புறம் சாவியைக் கொடுத்திடுங்க. நான் தடுக்கலை."

"பாப்பாவையும் வேற பள்ளிக்கூடத்துல சேர்த்துடுவேன்."

"நான் போகமாட்டேன்ப்பா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வாயை மூடிக்கிட்டுப் படி!"

தீர்ப்பு வந்தது. யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. பெரியம்மா ஜெயித்துவிட்டார்.

மறுநாள் காலை பிள்ளைகளை இறக்கிவிட்டு, வேன் சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார் மிலிட்டரி. சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். 'நான் இந்த நாட்டு உப்பைத் தின்னவன் பெரியம்மா. உங்களுக்கும் எனக்கும் ஒத்துவராது.'

கூடத்தை நெருங்கியவர் அப்படியே நின்றார்.

உள்ளே பாட்டு. மூணாவது பாட்டு!

முன்வரிசையில் அவர் மகள், கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கப் பாடிக்கொண்டிருந்தாள். பெரியம்மாவும் பாடினார். சுருதி கொஞ்சமும் சேரவில்லை. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. கதவு இரண்டும் திறந்து கிடந்தன. ஒரு பிள்ளைகூட எழுந்து போகவில்லை.

பாட்டு முடியும்வரை மிலிட்டரி அட்டென்ஷனில் நின்றார். அப்புறம்தான் உள்ளே போனார்.

"கேஸ்லதான் ஜெயிச்சுட்டீங்களே பெரியம்மா. இனிமே பாட வேண்டியதில்லையே?"

"வேண்டியதில்லை. அதான் பாடறோம்" என்றார் பெரியம்மா. "போன மாசம் பாடியிருந்தா, பூட்டுக்குப் பயந்து பாடினதா ஆகியிருக்கும். நம்ம நாடு என்ன அவ்வளவு கேவலமா, பிள்ளைங்களைப் பயமுறுத்திப் பாட்டு வாங்கறதுக்கு?"

மிலிட்டரி கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

"உங்களையும் பனியில யாரும் மிரட்டலையாமே?" என்றார் பெரியம்மா.

அவர் சட்டென்று, பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றிருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த பாட்டு ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்துக் காற்று ஒன்று வீசி, ஒரு கதவு படாரென்று சாத்திக்கொண்டது. பாட்டு நின்றது.

மிலிட்டரி கதவைத் தள்ளித் திறந்துகொண்டு விறுவிறுவென்று வெளியே போனார். "கோவிச்சுக்கிட்டுப் போறாரா?" என்று பதறினார் பெரியம்மா.

திரும்பி வந்தவர் கையில் ஒரு கல். வேன் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கிற கல். கதவை அகலத் திறந்து, அசையாதபடி அதை அடியில் வைத்து, காலால் ஒரு உதை உதைத்துப் பார்த்தார்.

"ஐயையோ, வேன் உருண்டுடப் போகுது!" என்றார் பெரியம்மா.

"கியர்ல போட்டிருக்கேன், உருளாது" என்றார் மிலிட்டரி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே. "கல்லு இங்கேயே இருக்கட்டும் பெரியம்மா. வேனுக்கு நான் வேற கல்லு பார்த்துக்கறேன்."