அலை தள்ளிய சாண்

காலையில் வள்ளத்தின் இரண்டு துடுப்புகளில் ஒன்று கடலில் நழுவிப் போனது. ஒற்றைத் துடுப்போடு திரும்பினால் தன்னைக் கரையில் கவிழ்த்துப் போட்டுவிடுவார்களே என்று வள்ளம் பதறியது. நீரோட்டத்தை அளப்பதற்காக நங்கூரமிட்டிருந்த மிதவையிடம் போய், "அண்ணே, என் துடுப்பு எந்தப் பக்கம் போயிருக்கும்?" என்று கேட்டது.

"நீரோட்டம் தெற்கே போகிறது. நீயும் நேராகத் தெற்கே போ," என்றது மிதவை.

வள்ளம் கோணல்மாணலாகப் போய்த் தேடிவிட்டு, உச்சி வெயிலில் துடுப்பு கிடைக்காமல் திரும்பியது. "உங்கள் கணக்கை நம்பிப் போய், இருந்த தெம்பும் போனது, அண்ணே."

"என் கணக்கில் தப்பு வராது," என்று மிதவை முனகியது.

அதன் அடியில் எழும்பிய அலை மெதுவாகக் கேட்டது: "அதில் என்னைச் சேர்த்தீர்களா?"

"உன்னை எதற்கு? நீ இருந்த இடத்திலேயே ஏறி இறங்குகிறவள். உன் ஆட்டத்தைக் கழித்துவிட்டுத்தான் நான் கணக்கே போடுவேன்."

"ஒவ்வொரு தடவையும், மேலே மிதப்பதைக் கரைப்பக்கம் ஒரு சாண் தள்ளிவிட்டுத்தான் இறங்குகிறேன். விடிந்ததிலிருந்து அதுதானே வேலை."

அதைக் கேட்டதும், வள்ளம் மறுபடி தெற்கே போய், அங்கிருந்து கரைப்பக்கம் திரும்பியது. பாறை இடுக்கில் துடுப்பு செருகிக் கிடந்தது.

இரண்டு துடுப்போடு வள்ளம் கடந்து போனதும், "இன்றைக்கு எத்தனை சாண் தள்ளினாய்?" என்று மிதவை அலையிடம் கேட்டது.

"யாரும் கேட்டதில்லை, நானும் எண்ணவில்லை. இனி வேண்டுமானால் எண்ணுகிறேன்."

"நீ தள்ளுவதே போதும்," என்றது மிதவை. "நான் எண்ணிக்கொள்கிறேன்."