ஃபில்டர்காரி

அழைப்பு மணியில் விரல் படுவதற்குள் கதவு திறந்துவிட்டது.

"தண்ணி ஃபில்டர்மா. ஒரு நிமிஷம் காட்டட்டுமா?" என்றாள் ஃபில்டர்காரி, சிரிப்பைப் பூசிக்கொண்டு.

கதவைத் திறந்த அம்மாவின் முகம் தொங்கிப்போயிற்று. ஃபில்டர்காரியின் முதுகுக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தாள். "நீ மட்டும்தானா?"

"நான் மட்டும்தாம்மா. வீட்டுல எத்தனை பேரு?"

"நான் ஒருத்திதான். மகன் வெளியூர்ல இருக்கான். ஃபில்டரெல்லாம் வேணாம்."

தெருமுனைக்கு வந்ததும் ஃபில்டர்காரி பெரியக்காவுக்குப் போன் போட்டாள். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு உதவும் சென்டரை நடத்தும் திருநங்கை அவர்.

"வெளியூரா? புளுகு. காசநோயோட எந்த ஊருக்குப் போவான்? உள்ள பூட்டி வெச்சிருப்பாங்க. நீ யாருன்னு மட்டும் வாயைத் திறந்துடாத."

"வாயைத் திறக்காம மாத்திரையை எப்படிக்கா குடுக்கிறது?"

"போன தடவை ஒருத்தன் வீட்ல சென்டர்னு சொன்னோம். சாயங்காலமே அவன் துணிமணி தெருவுல கெடந்துச்சு. அது இருக்கட்டும், ஒரு ஃபில்டராவது வித்தியா? வித்தா உன் சம்பளமாவது வரும்."

பையில் ஃபில்டருக்கு அடியில் எச்.ஐ.வி. மாத்திரை டப்பா இருந்தது. அந்த வீட்டுப் பையனுக்கு, தையல்காரனுக்கு. ஆஸ்பத்திரி வரிசையில், "ஆம்பளைங்களோட சுத்துற அந்த எச்.ஐ.வி. எங்கப்பா?" என்று நர்ஸ் ஒருத்தி கூவியதிலிருந்து அவன் அங்கே கால் வைப்பதில்லை. மாத்திரை சென்டர் வழியாகத்தான்.

சென்டரையோ, விஷயம் தெரிந்ததும் அது இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார். போர்டு கூட இல்லாமல் ஊரின் மறுகோடியில் ஒரு மாடிக்கு ஒதுங்கினார்கள். போன் நம்பரும் மாறிற்று. அத்தோடு பையனைக் காணோம், அவன் போனும் அணைந்தே கிடந்தது. ஃபில்டர்காரி அதற்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவள். மாத்திரை இல்லாமல் அவன் தாங்க மாட்டான் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

அடுத்த மாதமும் போனாள். அப்போதும் கதவு உடனே திறந்தது. உள்ளே யாரோ இருமினார்கள்.

அம்மாவின் கண் அவள் பையிலேயே நின்றது. "ஃபில்டர் தவிர வேற எதுவும் கொண்டு வரலையா?"

மாட்டிக்கொண்டோம் என்று ஃபில்டர்காரி பையை முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். "குழாய் இருக்கும்மா. ஸ்டீல் குழாய்."

"ப்ச்."

மூடிய கதவைத் தாண்டியும் அந்த இருமல் வந்தது. மாத்திரைக்கும் இருமலுக்கும் நடுவே ஒரு பலகைதான். வாசலிலேயே நின்று கத்தலாம் போல நாக்கு துடித்தது. யாருக்கு நோய் என்று வீட்டாரிடம்கூடச் சொல்லக்கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்த சட்டம் அந்த நாக்கைப் பிடித்துக்கொண்டது.

அதற்கடுத்த முறை கதவு விரியத் திறந்து கிடந்தது. இரண்டு பேர் தையல் மெஷினைத் தூக்கிப்போய் வண்டியில் ஏற்றினார்கள். கூடத்தில் கட்டில் சுவரோரமாக நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது.

வாசற்படியில் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "இப்ப நெஜமாவே நான் ஒருத்திதான்மா," என்றாள்.

ஃபில்டர்காரி பையை இறக்கி வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். இனி யாரைக் காப்பாற்ற மறைப்பது?

"அம்மா, நான் ஃபில்டர் விக்கிறவ இல்ல. சென்டர்ல இருந்து வர்றேன். ஒவ்வொரு தடவையும் உங்க பையனுக்கு மாத்திரை எடுத்துக்கிட்டுத்தான் வந்தேன். உங்களுக்குத் தெரிஞ்சா அவனைத் துரத்திடுவீங்கன்னு..."

அறை விழும் என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டாள். விழவில்லை.

அம்மா கை நீட்டி அவள் பையைத் தொட்டாள். பிறகு, சத்தமே எழாத குரலில் சொன்னாள்:

"அவன் மாத்திரைக்காக உங்களைத்தானேம்மா ஊரெல்லாம் தேடினேன்."