ஆமென் வராத ஜெபம்

போதகர் முழங்காலிட்டதும் நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

அறையில் ஏற்கெனவே அப்பாவின் முதுகுப்புண் நாறிக்கொண்டிருந்தது. அதோடு இப்போது போதகரின் வியர்வையும் சேர்ந்துகொண்டது. இரவெல்லாம் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ரத்தமும் மலமும் ஒட்டிய விரிப்புகளை அலசிவிட்டு வந்தால், வீட்டிலும் அதே நாற்றம்.

அப்பா படுக்கையில் விழுந்து பதினான்கு மாதம். நான் வேலைக்குப் போனபின் அம்மா தனியாகக் காவல் இருப்பாள். அப்பாவின் முனகல் நின்றால் போதும், பதறி எழுந்து மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பாள்.

காலை பத்து மணிக்குப் போதகர் வருவார். மற்ற நாட்களில் நான் பக்கத்து அறையில் தலையணையால் காதைப் பொத்திக்கொள்வேன். இன்று முடியவில்லை. எழுந்து வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றேன்.

"இது சோதனைம்மா. பொறுமையா இருங்க, ஜெபத்தை மட்டும் விட்டுடாதீங்க."

பதினான்கு மாதமாக இதே பாட்டு. என்றைக்காவது அந்த மூத்திர வாளியைத் தூக்கி ஊற்றியிருப்பாரா இந்த மனுஷன்?

அம்மா கட்டில் விளிம்பில் நெற்றியை வைத்து முழங்காலிட்டாள்.

அவர் நோயாளிகளுக்காக ஜெபித்தார். விதவைகளுக்காக, கைதிகளுக்காக, மழைக்காக. மறுபடியும் நோயாளிகளுக்காக. கடித்த இடத்திலேயே கடிக்கும் கொசுவைப் போல, சொன்னதையே சொன்னார்.

அரைமணி நேரம் ஆயிற்று. அம்மா அசையவே இல்லை. அவளைப் பார்த்தாலும் எரிச்சலாக வந்தது. இத்தனைக்கும் பிறகு எதை நம்பி இப்படிக் கிடக்கிறாள்?

போதும், கிளம்புங்கள் என்று சொல்ல அவர் தோளைத் தொடப் போனேன்.

அவர் கண்கள் திறந்திருந்தன. அம்மாவைப் பார்த்தபடியே ஜெபித்துக்கொண்டிருந்தார்.

நானும் பார்த்தேன். அம்மாவின் வாய் லேசாகப் பிளந்திருந்தது. கடைவாயில் எச்சில் வழிந்திருந்தது. நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

போதகருக்குத் தொண்டை கட்டியது. இருமல் வர, வாயைப் பொத்திக்கொண்டார். அறை சட்டென்று அமைதியானது.

அம்மாவின் இமை துடித்தது.

அவர் என்னைப் பார்த்துக் கையை அசைத்தார். நீ சொல்.

நான் ஜெபித்துப் பல வருடங்கள் ஆகின்றன. தெரிந்ததைச் சொன்னேன்.

"ஆண்டவரே, கறை பட்ட விரிப்பைத் தனியா எடுத்துடணும். முதல்ல பச்சைத் தண்ணியிலதான் போடணும், ஆண்டவரே. சுடுதண்ணி பட்டா ரத்தம் போகாது..."

இமை அடங்கியது.

போதகர் மெல்ல எழுந்து வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

எங்கள் பின்கதவைச் சற்றே தூக்கித் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் கிறீச்சென்று ஊரையே எழுப்பிவிடும். வெளியாளுக்கு அது தெரியாது.

அவர் தூக்கித் திறந்தார்.