திறக்காத ஒரே ஒரு சைட்

நாலு நாளாக அந்த வேலைவாய்ப்பு சைட் மட்டும் திறக்கவில்லை.

மற்றதெல்லாம் திறந்தது. செய்தி வந்தது. மனைவி பார்க்கும் தையல் வீடியோ தங்குதடையில்லாமல் ஓடியது. இதைத் தட்டினால் மட்டும் வெள்ளைத் திரை.

சூப்பர்வைசருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. டைல்ஸ் கம்பெனி குடோனில் பத்தொன்பது வருஷமாக, எந்தப் பெட்டி எந்த அடுக்கில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர் அவர். வீட்டிலிருக்கும் ஒரே ஒரு கம்ப்யூட்டர் பெட்டி அவருக்கு டிமிக்கி கொடுக்கிறது.

தினமும் வேலை விட்டு வந்ததும் அந்த சைட்டை ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும் அவருக்கு. தனக்காக இல்லை, மச்சானுக்காக. மனைவியின் தம்பி. வேலை பார்த்த கூரியர் குடோன் மூடியதிலிருந்து, எட்டு மாசமாக இவர்கள் வீட்டு முன்னறையில்தான் வாசம்.

"சைட்டையே மூடிட்டாங்களோ என்னவோ மாமா" என்றான் மச்சான், முகத்தைப் பார்க்காமல்.

"உனக்கு வேலை தேடுற நேரமாப் பார்த்து மூடுறாங்க பாரு!"

வயரைப் பிடுங்கி மாட்டினார். ரவுட்டரை அணைத்துப் போட்டார். பக்கத்து வீட்டில் விசாரித்தார். "எங்களுக்கு ஜோராத் திறக்குதே" என்றார்கள். குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

சனிக்கிழமை காலையில் நெட் ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்தார். ரவுட்டரைப் பார்த்தார், கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தார், புருவத்தைத் தூக்கினார்.

"லைன்ல கோளாறு இல்ல சார். ரவுட்டருக்குள்ள போய் யாரோ இந்த ஒரு சைட்டை மட்டும் பிளாக் பண்ணியிருக்காங்க."

"வெளியிலேர்ந்து எவனாவது புகுந்துட்டானா?"

"இதே கம்ப்யூட்டர்லேர்ந்துதான் சார். புதன்கிழமை, காலைல பத்து இருபது."

சூப்பர்வைசர் விரல் விட்டு எண்ணினார். அந்த நேரத்தில் அவர் குடோனில். மனைவி பள்ளிக்கூட ஆபீசில். வீட்டில் இருந்தது ஒரே ஆள்.

"டேய், இங்க வா! நீயாடா பண்ணே?"

மச்சான் அக்காவைப் பார்த்தான். தரையைப் பார்த்தான்.

"ஆமா மாமா."

"ஏன்?"

மச்சான் மறுபடியும் அக்காவைப் பார்த்தான்.

"என்னங்க, வந்தவங்க முன்னாடி..." என்று மனைவி இழுத்தாள்.

"நீ சும்மா இரு. வேலை தேடச் சொன்னா, தேடுற கதவையே இழுத்துப் பூட்டியிருக்கான் உன் தம்பி! உக்கார வெச்சு சோறு போடுறது இவனுக்கு அவ்வளவு சௌகரியமாப் போச்சா? எனக்குன்னா ஒரு நாள் லீவு போட மனசு வராது. நீ எட்டு மாசமா லீவு! போதும்டா சாமி. இன்னைக்கே கிளம்பு."

மனைவியின் கண் கலங்கியது. மச்சான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "சரி மாமா" என்று முன்னறைக்குப் போய்ப் பையை எடுத்துச் சட்டைகளை மடிக்க ஆரம்பித்தான்.

சூப்பர்வைசருக்கு அதுதான் இன்னும் குழப்பமாக இருந்தது. சோம்பேறி என்றால் கெஞ்சியிருக்க வேண்டாமா? ரோஷக்காரன் என்றால் கத்தியிருக்க வேண்டாமா? இவன் எதில் சேர்த்தி?

"எடுத்துவிட்டுட்டேன் சார், இப்பப் பாருங்க" என்ற நெட்காரப் பெண், யார் முகத்தையும் பார்க்காமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

சைட் திறந்தது.

முதல் விளம்பரம்: ‘டைல்ஸ் குடோனுக்கு சூப்பர்வைசர் தேவை. ஒருவர். வயது முப்பத்தைந்துக்குள்.’

அட, இவனுக்கென்றே அளவெடுத்துப் போட்ட மாதிரி இருக்கிறதே என்று மேலே படித்தவர், கம்பெனி பெயரில் வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

அவருடைய கம்பெனிதான். அங்கே இருப்பது ஒரே குடோன். ஒரே சூப்பர்வைசர்.

விளம்பரம் வந்த நாள், புதன்கிழமை.

"என்னங்க, ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?" மனைவி தோளைப் பிடித்தாள். அவர் திரையைக் காட்டினார். அவளும் படித்துவிட்டு அப்படியே நின்றாள்.

முன்னறை வாசலில் பையோடு நின்றிருந்தான் மச்சான்.

"வேற ஒரு இடம் கைக்கு வந்ததும் சொல்லிக்கலாம்னு இருந்தேன் மாமா. அதுவரைக்கும் நீங்க நிம்மதியா வேலைக்குப் போயிட்டு வரட்டுமேன்னுதான்..."

சூப்பர்வைசர் நாற்காலியை விட்டு எழுந்தார். தன்மேல் கோபப்படுவதா, கம்பெனிமேல் கோபப்படுவதா, இவனைக் கட்டிக்கொள்வதா என்று ஒன்றும் பிடிபடவில்லை.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"சார், வணக்கம். சானிட்டரி சாமான் கம்பெனியிலேர்ந்து பேசுறேன். குடோன் சூப்பர்வைசர் வேலைக்கு உங்க பயோடேட்டா வந்திருக்கு. திங்கட்கிழமை நேர்ல வர முடியுமா?"

"நான்... நான் எதுவும் அனுப்பலையே?"

"உங்க மச்சான் கொண்டுவந்து குடுத்தார் சார். நேத்து அவரோட இன்டர்வியூல எங்களுக்கு அவரை ரொம்பப் பிடிச்சுப்போச்சு, அந்த வேலையை அவருக்கே தர்றதாத்தான் சொன்னோம். ‘எனக்கு வேண்டாம், எங்க மாமாவைக் கூப்பிட்டுப் பாருங்க’ன்னுட்டார்."