கூலியில் கால் பங்கு

"தாத்தா, நான் சும்மாதானே தொட்டேன்? சுவிட்சு ஏன் என்னை அடிச்சுது?"

போன விடுமுறையில் பேத்தி கேட்ட கேள்வி இது. தாத்தா சிரித்தார். பக்கத்தில் நின்ற மகள் சிரிக்கவில்லை. "வீட்டு ஒயரிங்கை மாத்துங்கப்பா. அதுவரைக்கும் இவளை இங்க கூட்டிட்டு வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, விடுமுறை முடியுமுன்பே பெட்டியைக் கட்டினாள்.

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தப் பழைய வீட்டில் பிரிட்ஜைத் திறக்க ரப்பர் செருப்பு போட வேண்டும். இஸ்திரிப் பெட்டி சூடாகும்போது மிக்ஸி ஓடக் கூடாது. விருந்தாளிகளுக்குக் காபி கொடுப்பதற்கு முன்பே இந்தச் சட்டதிட்டங்களைச் சொல்லிவிடுவது வழக்கம்.

எலக்ட்ரீஷியன் வந்து ஒரு சுவிட்ச் பலகையைக் கழற்றினார். விரல் பட்டதும் ஒயரின் மேல்தோல் சருகாக உதிர்ந்தது. எல்லா அறைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு தொகையைச் சொன்னார்.

"ஏம்ப்பா, ஒயரிங்குக்கு விலை கேட்டா வீட்டுக்கே விலை சொல்றியே?"

தாத்தா ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் இருந்தவர். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். 'குறைச்சுக்கோ சார்' என்ற பட்டப்பெயர் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"சாமான் விலையில கை வைக்க முடியாது சார். அது கடைக்காரன் சொல்ற விலை."

"அப்போ உன் கூலியில கை வை. கால் பங்கு குறைச்சுக்கோ."

எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தார். "சுவர் பூரா கொத்தணும் சார். கால் பங்கு போச்சுன்னா, நான் வீட்டுக்குக் கொண்டுபோறதுக்குத் தூசிதான் மிஞ்சும்."

"தூசிக்கு நான் காசு கேக்க மாட்டேன்ப்பா."

அந்த மாதம் எலக்ட்ரீஷியனுக்கு வேறு வேலை இல்லை. ஒப்புக்கொண்டார்.

தாத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே மகளுக்குப் போன் போட்டு, கல்லில் நார் உரித்த கதையை ஒன்றுக்கு இரண்டு முறை சொன்னார். "சரிப்பா, அவர் நம்பரைக் குடுங்க. பாப்பாவுக்கு எட்டாத உயரத்துல பிளக் வைக்கச் சொல்லணும்" என்றாள் மகள்.

வேலை தொடங்கிய அன்று எலக்ட்ரீஷியன் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு சுவரைக் கொத்தினார். சாயங்காலம் தாத்தாவின் மனைவி பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். போன வேகத்தில் வெறும் பையோடு திரும்பி வந்தாள்.

மறுநாளிலிருந்து எலக்ட்ரீஷியன் வாயில் பாட்டு. அடுத்த வாரம், பேசியதைவிட உயர்ந்த ரகத்தில் காப்பர் ஒயர் வந்து இறங்கியது. ஷாக் அடித்தால் தானாகவே விழுந்து மின்சாரத்தை நிறுத்திவிடும் சுவிட்ச் ஒன்று, யாரும் கேட்காமலே மெயின் பெட்டியில் ஏறியது.

"பாத்தியா? ஆளை இறுக்கிப் பிடிச்சாத்தான் வேலை ஒழுங்கா நடக்கும்" என்றார் தாத்தா.

"உங்க சாமர்த்தியம் யாருக்கு வரும்?" என்றாள் மனைவி, முகத்தில் சிரிப்பைக் காட்டாமல்.

ஆனால் சாமர்த்தியசாலிக்கு நிம்மதி இல்லை. ஒரு மத்தியானம், பேத்தி படுக்கும் அறையின் சுவரைக் கொத்திவிட்டு வந்த எலக்ட்ரீஷியன், தண்ணீர் டம்ளரை ஒரு கையால் பிடிக்க முடியாமல் இரண்டு கைகளாலும் பிடித்துக் குடித்தார். அப்போதும் விரல்கள் நடுங்கின.

அன்று தாத்தா சாமி கும்பிடக் கண்ணை மூடினால், சாமிக்குப் பதிலாக அந்த விரல்கள் வந்து நின்றன. 'பேத்தி உயிருக்கே பேரம் பேசின தாத்தா உலகத்துல நீ ஒருத்தன்தான்டா' என்று தன்னையே வைதுகொண்டார். நல்ல புத்தியைக் கொடு என்று வேண்டினார். கேட்டதில் கால் பங்கு கிடைத்தாலும் போதும் என்றிருந்தது.

வேலை முடிந்தது. பேசிய தொகையை வாங்கிக்கொண்டு எலக்ட்ரீஷியன் போய்விட்டார். மகளும் பேத்தியோடு வருவதாகச் சொல்லிவிட்டாள். தாத்தாவுக்கு மட்டும் ஒரு வேலை பாக்கி இருந்தது. அதை வீட்டில் சொன்னால், காலமெல்லாம் கட்டிக் காத்த 'குறைச்சுக்கோ' பெயர் என்ன ஆவது?

"சும்மா நடந்துட்டு வரேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். எலக்ட்ரீஷியன் தன் கடையில் ஒயர்ச் சுருள்களுக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருந்தார். தாத்தா, தெருவில் தெரிந்த முகம் ஏதும் இல்லை என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, சட்டைக்குள்ளிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினார்.

"கூலியில குறைச்சது. நான் செஞ்சது தப்புப்பா. வெச்சுக்கோ."

எலக்ட்ரீஷியன் உறையைத் தொடவில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னார்.

"இனிமேலும் மறைச்சா, ஒரே கால் பங்கை மூணு தடவை வாங்கின பாவம் என்னைச் சேரும் சார். குறைச்ச கூலியை உங்க வீட்டம்மா முதல் நாளே இங்க வந்து குடுத்துட்டாங்க. உங்களுக்குத் தெரியக் கூடாதாம். அப்புறம் உங்க பொண்ணும் அதே தொகையை அனுப்புனாங்க. வேணாம்னு சொன்னாலும் கேக்கல. அதுலதான் நல்ல ஒயரும் அந்தச் சுவிட்சும் வாங்கினேன். அது உங்க ரெண்டு பேருக்கும் தெரியக் கூடாதாம்."

தாத்தாவின் முகத்தில் அசடு வழிந்தது. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

எலக்ட்ரீஷியன் அந்த உறையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"உங்களுது யாருக்குத் தெரியக் கூடாது சார்?"